அப்பாவின் நோட்டும் கடல் ஆராய்ச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரீஷியஸ் தீவின் தென்கிழக்குக் கரையில், மாயேபூருக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா மீனவர், வயது 77. உங்கள் நாளிதழைத் தினமும் இணையத்தில் வாசிக்கிறவள் நான். பாக் விரிகுடாவில் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடற்பசுக் காப்பகம் பற்றி அண்மையில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கைகோத்தால்தான் கடலைக் காப்பாற்ற முடியும் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்தப் பத்தியைப் படித்த நாளிலிருந்து மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஜூலை 25 அன்று, இருட்டிய பிறகு, வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் எங்கள் ஊருக்குச் சற்றுத் தெற்கே, புவான்ட் தெனிக்கு எதிரில் பவளப் பாரின்மேல் ஏறி நின்றுவிட்டது. பன்னிரண்டு நாள் அப்படியே நின்றது. ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை, எண்ணெய் கசிய ஆரம்பித்தது. மறுநாள் ஆடி வெள்ளி. கோயிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி ஊறிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் பெட்ரோல் பங்குக்குள் நிற்பதுபோல ஒரு நாற்றம், குழந்தைகளுக்குத் தலைவலி. கஞ்சியைக் காய்ச்சினோம், அம்மனுக்குப் படைத்தோம். உட்கார்ந்து குடிக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. வாளி வாளியாக மொண்டுகொண்டு கடற்கரைக்குப் போய், அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தோம்.

அங்கே என்ன வேலை என்றால், கரும்புச் சோகையை மூட்டை கட்டுவது. தீவு முழுக்கக் கரும்பு வெட்டு நடக்கும் மாதம் அது, லாரி லாரியாகச் சோகை வந்து இறங்கியது. பழைய வலை, துணி, சாக்கு என்று கையில் கிடைத்ததற்குள் சோகையைத் திணித்து, நீளமான திண்டுபோலத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, வேலிபோலக் கடலில் இறக்கினோம். கொட்டிய எண்ணெயை முடி உறிஞ்சும் என்று கேள்விப்பட்டுப் பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். நான் அப்பாவின் வலை பின்னும் ஊசியை வைத்துத் தைத்தேன். நைலான் நூல் ஆள்காட்டி விரலை அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. சோகையில் ஒட்டிய எண்ணெய் வெல்லப்பாகுபோல இழுபட்டது. ஒரு முழத் துண்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்ததாகக் கணக்கு. காற்றும் நீரோட்டமும் அதை வடக்கே தள்ளியதால், தெற்கே இருக்கிற புளூ பே கடற்பூங்கா பெரும்பாலும் தப்பியது. எங்கள் பக்கத்துக் கழிமுகமும் சதுப்புக் காடும் மாட்டிக்கொண்டன.

அப்புறம் உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நிபுணர்கள் வந்தார்கள். வரத்தான் வேண்டும். கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைக்க வேண்டும் என்ற உலக விதி அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்தப் புதுவகை எண்ணெய் வெப்பமண்டலப் பவளப் பாரில் கொட்டினால் என்ன ஆகும், எத்தனை நாளில் கரையும், எது அடியில் தங்கும் என்று அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் கரையில் எடுத்த எண்ணெய் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்கும் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்கும் போய், அடுத்த ஆண்டே ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. எங்களைப்போன்ற ஒரு சின்னத் தீவு தனியாக நின்று அதைச் செய்திருக்கவே முடியாது. அந்த நன்றி எனக்கு உண்டு.

வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? எவ்வளவு மீன், என்ன மீன், எந்த மாதம்? முன்பு இருந்தது தெரியாமல் இப்போது போனது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? கடற்பூங்காவுக்குள் பவளத்தை அவ்வப்போது கணக்கெடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லை. அப்பாவின் நோட்டு மட்டும் இருந்தது.

1994 பிப்ரவரியில் ஹோலண்டா புயல் வந்தபோது அப்பா கடலில் போட்டிருந்த பதினொரு கூடுகளும் அடித்துக்கொண்டு போய்விட்டன. காசியே என்று நாங்கள் சொல்லும் மூங்கில் கூடுகள். உள்ளே பாசியை இரையாக வைத்து, கல் கட்டி இறக்குவார்கள். எந்தக் கூட்டை எங்கே போட்டோம் என்று நினைவிலிருந்தே தேடி மூன்றைத்தான் மீட்டார். அன்று கோபத்தில் என்னுடைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தவர், இன்றுவரை நிறுத்தவில்லை. தேதி, காற்று, கூடு போட்ட இடம், மீன் எத்தனை என்று ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டிருப்பார். இடத்தைக் குறிக்க ஒரு வழி வைத்திருந்தார். சிங்க மலையின் தலை எந்தக் கூரைக்கு நேராகத் தெரிகிறது, தேவாலயக் கோபுரம் எந்த மரத்துக்கு நேராக வருகிறது என்று இரண்டு கோடு. குமரிக் கடற்கரையில் இதைக் கணியம் பார்ப்பது என்பார்கள் என்று படித்திருக்கிறேன். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது, வித்தை தெரியும்.

மீன் பெயர்களை எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் எழுதுவார், மூன்றாம் வகுப்புவரை பிரெஞ்சு எழுத்துப் படித்த கையெழுத்தில். ஆனால் பக்கத்தின் மூலையில் மட்டும் சில தமிழ் எழுத்துகள் இருக்கும். பாட்டி கோயில் திண்ணையில் உட்காரவைத்து அவருக்குக் கற்றுக்கொடுத்த எழுத்துகள் அவை. நான் தமிழாசிரியை ஆனதற்கும் அந்த மூலை எழுத்துகள்தான் காரணம் என்று சொல்லலாம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எண்ணெய் கொட்டிய சில மாதம் கழித்து ஓர் அமைப்பிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். அமைப்பின் பெயர் வேண்டாம், அந்த ஒரு இடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மரியாதையான பிள்ளை. எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார், நோட்டைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. இருபத்தாறு ஆண்டுக் கணக்கு, அதுவும் எண்ணெய் வந்த அதே இடத்தில்! மூலையில் உள்ள தமிழ் எழுத்தைக் கிறுக்கல் என்று நினைத்தாரோ என்னவோ, அது என்ன என்று கேட்கவில்லை. ஏழு நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாரத்தில் நகல் எடுத்துத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அப்பா நோட்டுகளை ஒரு சுத்தமான துண்டில் கட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நோட்டு வரவில்லை. நான் இரண்டு மின்னஞ்சல் எழுதினேன், நேரில் ஒருமுறை போனேன். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், பொருட்கள் எங்கே என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து ஓர் அறிக்கையின் சுருக்கம் என் கண்ணில் பட்டது. உள்ளூர் மீனவர்களின் தகவலும் பயன்படுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அதில் அப்பாவின் கணக்கு எந்த இடத்தில் வருகிறது, என்ன தெரிந்தது, மீன் குறைந்ததா கூடியதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை. துண்டாவது திரும்பி வந்ததா என்று ஒருமுறை கேட்டார்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது, தோட்டத்து மிளகாய் நாலாவது போட்டுத்தான் கொடுப்போம். இங்கே மொரீஷியஸில் ஐந்தாறு தலைமுறைக்குப் பிறகும், தமிழ் பேச மறந்த வீடுகளில்கூட இந்த வழக்கம் இருக்கிறது. கடலை ஆராய வருகிறவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். எங்கள் விஷயத்தில் பாத்திரமே வரவில்லை.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்லபடியாகப் பின்னிய வலைகளையும் நான் பார்த்திருக்கிறேன். 2005 முதல் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்துக்காக ஒரு பெரிய வேலை நடந்தது. சூரை மீன்களை உயிரோடு பிடித்து, முதுகில் நூடுல்ஸ் துண்டுபோல ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அடையாளத்தைச் செருகி, மறுபடி கடலில் விட்டார்கள். பெரும்பாலும் தான்சானியாவுக்கு அப்பால், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள். அந்த மீனைப் பிடிக்கிறவர் அடையாளத்தைத் திருப்பிக் கொடுத்தால் பரிசு. என் சித்தி மகன் போர்ட் லூயியில் மீன் டப்பா தொழிற்சாலையில் மீன் வெட்டும் மேசையில் நின்றவன். ஒருநாள் அவன் கத்திக்குக் கீழே அந்த மஞ்சள் துண்டு வந்தது. கொடுத்தான், ஒரு டி-சட்டையும் கொஞ்சம் பணமும் கிடைத்தது. அந்த மீன் எங்கே விடப்பட்டது, எத்தனை நாள் நீந்தியது, எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்றும் அவனுக்குச் சொன்னார்கள். பரிசுப் பணத்தை மறந்துவிட்டான். அந்த மீன் நீந்திவந்த தூரத்தை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடலுக்கு நடுவில் ஒரு மீனின் முதுகில் ஆரம்பித்த ஆராய்ச்சி, மேசையில் மீன் வெட்டுகிறவன் கைவரைக்கும் வந்து, அவனுக்கும் பதில் சொன்னது.

இன்னொன்று ரோட்ரிக்ஸ் தீவில். மொரீஷியஸுக்கு 600 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற எங்கள் நாட்டுத் தீவு அது. அங்கே கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் நீண்ட இரும்புக் கம்பியோடு பவளப் பாரின்மேல் நடந்து போய் ஊரித் குத்துவார்கள். நீங்கள் பேய்க்கணவாய் என்பீர்கள். பிடிப்பு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. 2004-ல் மடகாஸ்கரின் தென்மேற்கில் அந்தவதுவாக்கா என்ற மீனவக் கிராமம், ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஒரு பாரைச் சில மாதம் மூடிப் பார்த்தது. பேய்க்கணவாய்க்கு ஆயுள் மிகக் குறைவு, வளர்ச்சியோ மிக வேகம், அதனால் சில மாதம் விட்டாலே எடை ஏறிவிடுகிறது. திறந்த நாளில் பிடிபட்டதைப் பார்த்துப் பக்கத்துக் கிராமங்களும் மூட ஆரம்பித்தன. அந்த அனுபவம் கடல் தாண்டி ரோட்ரிக்ஸுக்கு வந்து, 2012-ல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இரண்டு மாதம் தீவு முழுக்க முதல் மூடுகாலம் வந்தது. பிடிப்பு நின்ற மாதங்களில் அந்தப் பெண்களுக்குக் கடற்கரை சுத்தம் செய்வது போன்ற வேலை கொடுத்துக் கூலி கொடுத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மூடுகாலம் முடிந்த காலையில் நான் அங்கே இருந்தேன். ஓர் அம்மா, எனக்கு அத்தை வயது இருக்கும், கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீர் வற்றுவதற்காகக் காத்திருந்தார். இந்த மூடுகாலம் யார் யோசனை என்று கேட்டேன். அவர் பிரெஞ்சுக்காரர் பெயரோ ஆங்கிலேயர் பெயரோ சொல்லவில்லை. "மடகாஸ்கரில் எங்களைப்போலக் குத்துகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்து பார்த்தது" என்றார். அவர்களை அவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் அப்படித்தான் சொன்னார். கடல் ஆராய்ச்சியில் நாடுகள் சேர்ந்து வேலை செய்வது என்றால் எனக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வருகிறது.

அதே தீவில் ஷோல்ஸ் ரோட்ரிக்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1998-லிருந்து 2001 வரை பிரிட்டனின் அரச புவியியல் கழகம் இந்தப் பக்கக் கடலில் ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் நடத்தியது. திட்டம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடாமல், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மூழ்கவும் எண்ணவும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையிலேயே வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அமைப்பு. இருபது ஆண்டு கழித்தும் பவளத்தை எண்ணுவது அந்தத் தீவுக்காரர்கள்தான்.

எண்ணுவது என்றேன். எப்படி எண்ணுவார்கள் என்று என் மாணவர்கள் கேட்டதால் நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன். பவளத்தின்மேல் 50 மீட்டர் நாடாவை விரிப்பார்கள். அரை மீட்டருக்கு ஒரு இடமாக நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பென்சிலால் பலகையில் குறிப்பார்கள். உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல், இப்படி நூறு குறி. அவ்வளவுதான், கட்டம் போட்ட காகிதத்தில் பிள்ளைகள்கூடச் செய்யலாம். ஆனால் ஒரே முறையில் எல்லோரும் செய்தால் கணக்கு கூடிக்கொண்டே போகிறது. உலகப் பவளப்பாறைக் கண்காணிப்பு வலையமைப்பு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் 73 நாடுகளின் 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் எடுத்த கணக்கு சேர்ந்திருக்கிறது. 2009-க்கும் 2018-க்கும் இடையில் உலகின் பவளத்தில் 14 சதவீதம் போய்விட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்தது. ஒரு ஊரில் நின்று பார்த்தால் இது இந்த ஊரின் கெட்ட நேரம் என்று தோன்றும். பன்னிரண்டாயிரம் ஊரை அடுக்கிப் பார்த்தால்தான் கடல் சூடேறுவது கண்ணுக்குத் தெரிகிறது.

அன்று நாடா பிடித்த குழு மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. எங்கள் ஊர் மீன் இறக்கும் துறையில், படகுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கிரியோலில் எழுதிய ஒரு தாளைக் காட்டி விளக்கினார்கள். அப்பாவும் வந்தார். தாளில் ஒரு மீனின் படம் தப்பான பெயரோடு இருந்தது, திருத்திக் கொடுத்தார். தலைவி உடனே பேனாவை எடுத்து எல்லாத் தாளிலும் மாற்றி எழுதினார். அந்தத் தாள் இன்னும் எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் போதும்.

பாதுகாக்கப்பட்ட கடல் என்று கோடு போடுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. புளூ பே கடற்பூங்கா 353 ஹெக்டேர். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் 2008-ல் சேர்ந்தது. ஆயிரம் வயது என்று படகுக்காரர்கள் காட்டும் மூளைப் பவளம் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் நாட்டுக்குச் சொந்தமான கடல் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்கு முன்னால் அந்தப் பூங்கா ஒரு கைக்குட்டை. 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அப்படியென்றால் இன்னும் நிறையக் கோடுகள் வரப்போகின்றன. அந்தக் கோட்டை முதலில் பார்க்கப்போகிறவர் காலை நாலு மணிக்குப் படகைத் தள்ளுகிற மீனவர். ஏன் இந்த இடம், ஏன் அந்த இடம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றால், எல்லை மிதவை அவருக்கு வேலிக்கல்லாகத்தான் தெரியும். அப்பாவே பூங்கா வந்த புதிதில் திட்டியிருக்கிறார். உள்ளே பெருத்த மீன் வெளியே வந்து தன் கூட்டில் விழுகிறது என்று பல ஆண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்து அவராகவே கண்டுபிடித்த பிறகுதான் திட்டுவதை நிறுத்தினார்.

எங்கள் கண்ணுக்கு எட்டாத கடலும் இருக்கிறது. வடக்கே, எங்களுக்கும் சீஷெல்ஸுக்கும் நடுவில், சாயா தெ மல்யா என்ற மேடு கடலுக்கடியில் கிடக்கிறது. கடற்புல் மேய்ச்சல் நிலம், உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே தரைதான் எங்களுடையது. 2012-ல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலடித் தரையைச் சேர்ந்து நிர்வகிக்கின்றன. அதன்மேல் நிற்கிற தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடல், எந்த நாட்டுக் கப்பலும் வந்து மீன் பிடிக்கலாம். தரை இரண்டு நாட்டுக்கு, தண்ணீர் எல்லோருக்கும் என்றால் தனியாக யார் காவல் காப்பது? 2018-ல் நான்சென் ஆய்வுக் கப்பல் அங்கே போனது. 2022-ல் மொனாக்கோ அனுப்பிய பயணம் தென்னாப்பிரிக்காவின் அகுல்யாஸ் கப்பலில் போனது. இப்படி யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கான உலக ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, இனி அந்தத் தண்ணீரிலும் காப்பகம் அமைக்க வழி உண்டு. இந்த இடத்தில் நான் முழுக்க முழுக்க அந்தக் கப்பல்களின் பக்கம். அப்பாவின் மரப்படகு அங்கே போகாது.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருகிறேன், உங்களுக்கு எழுதியதற்குக் காரணமே அதுதான். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-ல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளத்தைத் தோண்டித் தோண்டி அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இங்கே மொரீஷியஸிலும் கரையோரங்களில் பவளம் சுட்ட பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் நிற்கின்றன. கடலில் மணல் எடுப்பதை 2001-ல்தான் முழுதாக நிறுத்தினார்கள். ஒரே தப்பை இரண்டு இடத்திலும் செய்திருக்கிறோம். பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதைப் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரான லட்சுமி அம்மாவுக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அவர் படத்தைப் பார்த்தபோது கம்பியோடு நின்ற ரோட்ரிக்ஸ் அம்மாவின் தங்கை என்றே நினைத்தேன். இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். நம் நாடுகளின் ஆய்வகங்கள் ஆண்டுக்கு எத்தனையோ மாநாட்டில் சந்திக்கின்றன. இவர்களை ஒரே ஒருமுறை ஒரே திண்ணையில் உட்காரவைத்தால் என்ன?

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நடக்கும் ஆய்வுகளின் முடிவு வரும்போதெல்லாம் அதை ஊர்க்காரர் பேசும் மீன் பெயரோடு தமிழில் போடுங்கள். லத்தீன் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டும் இருக்கட்டும். நாங்கள் கொர்தோன்யே என்பதை நீங்கள் ஓரா என்கிறீர்கள், கப்பித்தென் என்பது விளமீன், வியேய் என்பது களவா. இதெல்லாம் உங்கள் பக்கங்களிலிருந்து நான் பொறுக்கியவை. என் வகுப்பில் ஒரு மீனவர் பையன், தன் அப்பா பிடிக்கிற மீனுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா மறுநாள் பள்ளி வாசலுக்கே வந்து, இன்னும் எட்டு மீனுக்குப் பெயர் கேட்டார். நாலுக்குத்தான் என்னால் சொல்ல முடிந்தது. மீதி நாலை உங்கள் வாசகர்கள் சொல்லட்டும், படம் அனுப்புகிறேன்.

மற்றது, கடலில் ஆய்வு செய்ய அனுமதி கொடுக்கும் அரசுகளுக்கு உங்களைப்போன்ற நாளிதழ்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் அரசுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். எந்த மீன்பிடித் துறையில் தகவல் வாங்கினார்களோ, அந்தத் துறைக்கு ஓராண்டுக்குள் வந்து, ஊர்க்காரர் பேசும் பேச்சில் முடிவைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாங்கிய நோட்டையும் படத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரை, அவர் சம்மதித்தால், கட்டுரையில் போட வேண்டும். இதை அனுமதிக் கடிதத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம், செலவு அதிகம் ஆகாது.

அப்பா இப்போது எட்டாவது நோட்டில் எழுதுகிறார். கூடு நாலுதான் போடுகிறார், முழங்கால் வலி. பழைய ஏழு நோட்டும் இப்போது யார் அலமாரியில் இருந்தாலும், அவர் இந்தக் கடிதத்தைப் படிக்க வாய்ப்பு குறைவு. அவருக்குத் தெரிந்த தமிழர் யாராவது படித்துச் சொல்லலாம் அல்லவா? மூலையில் இருப்பது கிறுக்கல் அல்ல. 'அ' என்றால் அமாவாசை. 'பௌ' என்றால் பௌர்ணமி. பக்கத்தில் இரண்டு சிறு கோடு இருந்தால் அன்று தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ச்சி. 'மு' என்று எழுதிய நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அன்று பிடித்த மீனின் வயிற்றில் முட்டை இருந்தது. ஓராவுக்கு அது எப்போதும் 'பௌ'-வுக்குப் பக்கத்தில்தான் வரும் என்கிறார் அப்பா.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
மாயேபூர், மொரீஷியஸ்